சர்வர் விழுந்துட்டுதாம்!

வீட்டு வேலைக்கு ஒரு குணம் உண்டு. ஒழுங்காக நடக்கும் வரை, அப்படி ஒன்று நடப்பதே யாருக்கும் தெரியாது. ஒரு நாள் சாம்பாரில் உப்புக் கூடிப் போகட்டும், தெருவுக்கே தெரிந்துவிடும்! இந்தத் தலையெழுத்து இல்லத்தரசிகளுக்கு மட்டும்தான் என்று நினைக்கிறீர்களா? கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதும் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஆனாலும் ஐந்தாறு வருஷமாக வீட்டுக்குள்ளேயே கண்ணால் பார்ப்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

என் மூத்த மகள் சாப்ட்வேர் டெவலப்பர். 2020 கொரோனா ஊரடங்கில் சென்னையிலிருந்து பெட்டியோடு வாசுதேவநல்லூர் வந்தவள், இன்றுவரை எங்கள் மாடி அறையில் உட்கார்ந்துதான் சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். எங்கள் பக்கத்துக்கு இது புதிசு இல்லை. புளியங்குடி, கடையநல்லூர் தாண்டித் தென்காசி போனால், அதற்குப் பக்கத்தில் மத்தளம்பாறை கிராமம். அங்கே ஜோஹோ நிறுவனம் 2011-லேயே அலுவலகம் திறந்துவிட்டது. வயல்காட்டுக்கு நடுவே உட்கார்ந்து சாப்ட்வேர் எழுதுகிறார்கள்! ஆனாலும் அலுவலகம் என்று ஒரு கட்டிடம் இருந்தால்தானே ஜனங்கள் நம்புகிறார்கள்? என் மகளைப் பார்த்தால் எதிர்வீட்டு ஆச்சி கேட்கும் முதல் கேள்வி, "ஏட்டி, இன்னைக்கும் வேலைக்குப் போகலியா?"

என் மாமியாருக்கு வேறு கவலை. ஒரு நாள் மகள் தலையைப் பிடித்துக்கொண்டு, "புரோகிராம்ல ஒரு பக் இருக்கும்மா, பிடிபடவே மாட்டேங்குது" என்றாள். பக் என்றால் பூச்சியாம். ஆச்சி விடுவார்களா? "எலுமிச்சைக்கு அடிக்கிற வேப்பெண்ணெய் கொல்லையில இருக்கு. கொஞ்சம் தெளிச்சு விடேன்!"

சிரிக்காதீர்கள். நிஜமாகவே ஒரு தடவை பூச்சியே இருந்திருக்கிறது. 1947 செப்டம்பர் 9-ஆம் தேதி, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காரர்கள் செய்த 'மார்க் 2' என்ற பெரிய கம்ப்யூட்டர் தகராறு பண்ணியது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு அந்துப்பூச்சி! அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி, நிஜப் பூச்சியே பிடிபட்டது என்று வேடிக்கையாக எழுதி வைத்தார்கள். அந்தக் கதையை ஊரெங்கும் பரப்பியவர் கிரேஸ் ஹாப்பர் என்ற கணித மேதை. கோளாறுக்குப் 'பூச்சி' என்ற பேச்சு அதற்கு முன்பே, எடிசன் காலத்திலேயே இருந்ததாம். ஆக, ஆச்சி சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு!

இந்தப் பூச்சி பிடிக்கிற கஷ்டம் இருக்கிறதே! ஒரு தடவை மூன்று மணி நேரம் தேடினாள். கடைசியில் என்ன? ஓரிடத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்து, இன்னோரிடத்தில் அதே பெயருக்குச் சின்ன எழுத்து. மனுஷனுக்கு இரண்டும் ஒன்றுதான். மெஷினுக்கு அது வேறே ஆள், இது வேறே ஆள். கல்யாணப் பத்திரிகையில் ஒரு எழுத்து மாறினதற்காகச் சம்பந்தி சண்டை போட்ட மாதிரி!

இன்னொரு வேடிக்கை. இவள் கம்ப்யூட்டரில் அழகாக ஓடுகிற புரோகிராம், வாடிக்கையாளர் கம்ப்யூட்டரில் ஓடாது. "என் மெஷின்ல சரியாத்தானே வருது!" என்று அங்கலாய்ப்பாள். எனக்கு இது அதிசயமாகவே இல்லை. இங்கே பொங்கி வழிகிற அதே இட்லி மாவு, சென்னையில் என் தங்கை வீட்டில் கல்லாட்டம் கிடக்கிறதே! தண்ணீர் வேறு, வெக்கை வேறு, பாத்திரம் வேறு.

வாடிக்கையாளர்கள் கேட்கும் 'சின்ன மாற்றம்' பற்றிச் சொல்லவே வேண்டாம். எல்லாம் முடிந்த பிறகு, "ஒரே ஒரு சின்ன மாற்றம்தான்" என்பார்களாம். சோறு வடித்து இறக்கிய பிறகு, "இன்னும் ரெண்டு பேருக்குச் சேர்த்து வச்சிடு" என்று வாசலில் நின்று குரல் கொடுப்பார்களே, நம் வீட்டு ஆண்பிள்ளைகள், அதே ஜாதி!

எங்கள் ஊருக்கென்றே சில கூத்துகள் உண்டு. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சீசன் என்றால் எங்களுக்கும் காற்றும் சாரலும்தான். ஒரு நாள் தென்னை மட்டை விழுந்து இன்டர்நெட் ஒயர் அறுந்து போயிற்று. செல்போனில் டவர் கிடைப்பதோ மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில்தான். அவள் மீட்டிங் பேச, நான் குடை பிடிக்க, அரை மணி நேரம் நின்றோம். சென்னையில் இருந்த அதிகாரி, "என்ன சத்தம் அது?" என்றாராம். "மழை சார்." "இங்கே வெயில் கொளுத்துதேம்மா!" இன்னொரு நாள் முக்கியமான மீட்டிங்கில் என் குக்கர் சத்தம் போய்விட்டது. நடுவில் ஒருவர், "மேடம், மூணு விசில் வந்தாச்சு. அடுப்பை அணைக்கச் சொல்லுங்க" என்றாராம். நல்ல வேளை, பருப்பு குழையாமல் தப்பித்தது!

எனக்கும் இதில் ஒரு உத்தியோகம் உண்டு. நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். எதிரில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து புரோகிராமை விளக்க ஆரம்பிப்பாள். எனக்கு ஒரு எழுத்தும் புரியாது, "உம்" கொட்டுவேன். பாதியில், "ஆ! கண்டுபிடிச்சிட்டேன்!" என்று மாடிக்கு ஓடுவாள். இதற்குப் பெயரே இருக்கிறது. 1999-ல் ஆண்ட்ரூ ஹன்ட், டேவிட் தாமஸ் இருவரும் எழுதிய ஒரு புத்தகத்தில், மேஜைமேல் ரப்பர் வாத்து பொம்மையை வைத்து அதனிடம் வரி வரியாக விளக்கிக் கோளாறைக் கண்டுபிடிக்கும் உபாயம் வருகிறதாம். அடுத்தவருக்குச் சொல்ல ஆரம்பித்தால்தான் நம் சிக்கல் நமக்கே தெரிகிறது. "எங்க வீட்டு வாத்து நீதான்மா" என்கிறாள். வாத்தாவது ரப்பர், கீரை ஆயாது!

சிரிப்புக்கு நடுவே பயந்த ராத்திரியும் உண்டு. போன வருஷம் ஒரு நாள் நடுநிசி இரண்டு மணிக்கு போன். மகள் பதறி எழுந்து, "சர்வர் விழுந்துட்டு" என்றாள். ஆச்சி கட்டிலிலிருந்தே, "யாருளா விழுந்தா? அடி பலமா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாவளா?" என்றார்கள். எத்தனையோ கடைகளுக்குப் பில் போடும் கம்ப்யூட்டர் நின்றுவிட்டதாம். விடிய விடிய உட்கார்ந்து சரி பண்ணினாள். கடை திறந்தபோது எல்லாம் வழக்கம்போல் ஓடியது. ராத்திரி ஒருத்தி தூங்கவில்லை என்று ஒரு கடைக்காரருக்கும் தெரியாது.

தப்பினால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற நிறுவனம் அனுப்பிய ஒரு கோளாறான அப்டேட்டால், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்!

பிள்ளை வளர்க்கும் சகோதரிகளுக்கு மகள் சொன்ன ஒரு கதை பிடிக்கும். நிலவுக்குப் போன அப்பல்லோ விண்கலத்துக்கு சாப்ட்வேர் எழுதியவர்களில் முக்கியமானவர் மார்கரெட் ஹாமில்டன். தன் சின்ன மகள் லாரனையும் வேலைக்குக் கூட்டிப் போவார். ஒத்திகைக் கருவியில் குழந்தை கண்ட பொத்தானை அழுத்த, பயணத்தின் நடுவே, புறப்படுவதற்கு முன் ஓட வேண்டிய புரோகிராம் ஓடி எல்லாம் நின்றுவிட்டது. "விண்வெளி வீரரும் இப்படி அழுத்தலாமே, தடுப்பு வைப்போம்" என்றார் தாய். "பயிற்சி பெற்றவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள்" என்று மறுத்துவிட்டார்கள். 1968 டிசம்பரில் அப்பல்லோ 8 பயணத்தில் ஜிம் லவல் அதையேதான் செய்தார்! பூமியிலிருந்து கணக்குகளைத் திரும்ப அனுப்பிச் சமாளித்தார்கள். குழந்தை எதை எடுக்கும், எங்கே இடிக்கும் என்று முன்கூட்டியே யோசிக்கும் தாய்ப் புத்தி எங்கேயெல்லாம் உதவுகிறது பாருங்கள்.

போன தை மாதம் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல குடும்பம்தான். மாப்பிள்ளையின் அம்மா, "வீட்ல இருந்தே வேலைன்னா வசதியாப் போச்சு. நடுநடுவுல சமையலையும் பார்த்துக்கிடலாம்லா?" என்றார்கள். மகள் தலை குனிந்திருந்தாள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "மதினி, காலையில ஒம்பது மணியில இருந்து அவ ஆபீஸ்ல இருக்கா. ஆபீஸ் எங்க மாடியில இருக்கு, அவ்வளவுதான்" என்றேன். "கலந்து பேசி போன் பண்றோம்" என்று கிளம்பினார்கள். போன் இன்னும் வரவில்லை. அவருக்குக்கூடக் கொஞ்சம் வருத்தம். எனக்கு இல்லை. இருபத்தைந்து வருஷமாக என்னையும், "வீட்லதானே இருக்கே" என்று சொல்லியே எல்லா வேலையும் வாங்கியிருக்கிறார்கள். அது என் மகள் வரைக்கும் வர வேண்டாம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் சில விஷயங்களைக் கவனியுங்கள். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை, இருபது அடி தூரத்தில் உள்ளதை இருபது விநாடி பார்த்தால் கண்ணுக்கு இதம் என்கிறார்கள் கண் டாக்டர்கள். எங்களுக்கு ஜன்னலைத் திறந்தால் மேற்கு மலையே இருக்கிறது! முதுகு சாயும் நல்ல நாற்காலியாக வாங்கிக் கொடுங்கள். பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு இருக்கட்டும். ராத்திரி விழித்திருந்தால் மறுநாள் காலையில் எழுப்பாதீர்கள். "மிக்ஸி ஓடலை, கம்ப்யூட்டர் படிச்சவதானே, பாரு" என்று உறவினர்கள் வந்தால், எலெக்ட்ரீசியன் வீட்டைக் காட்டுங்கள். முக்கியமாக, அறைக் கதவு சாத்தியிருந்தால் பிள்ளை வீட்டில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். குக்கரை மட்டும் மீட்டிங் முடிந்த பிறகு ஏற்றுங்கள்!