வெள்ளாற்றின் வாயிலிருந்து

பரங்கிப்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

நம் மணிமுக்தா ஆற்றின் கடைசித் தண்ணீர் வந்து சேரும் இடம் இது. சூளாங்குறிச்சியில் அதன் அணைக்கு முழு நீர்மட்டம் 36 அடி, கோமுகி ஆற்று அணைக்கு 46 அடி என்பது நம்மூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அணைக்குக் கீழே ஆறு என்ன ஆகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கல்வராயன் மலையில் பிறந்த இந்த இரண்டு ஆறுகளும் வெள்ளாற்றோடு கலந்து, சேத்தியாத்தோப்பு, புவனகிரி தாண்டி இங்கே கடலைத் தொடுகின்றன.

கடல் சும்மா வாங்கிக்கொள்வதில்லை. நாளுக்கு இரண்டு முறை ஏறி வந்து ஆற்றையே பின்னுக்குத் தள்ளுகிறது. உப்புத் தண்ணீர் கனமானது, அடியில் நுழைகிறது. மலைத் தண்ணீர் அதன்மேல் வழுக்கிக்கொண்டு வெளியேறுகிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தன் கடல் உயிரியல் மையத்தை இந்தக் கரையில் வைத்தது எவ்வளவு பொருத்தம்!

நீர் வடியத் தொடங்கியதும் இருளர் பெண்கள் சிலர் ஆற்றில் இறங்கினார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார்கள். விரலில் பட்டதும் அமுக்கிப் பறிக்குள் போடும் அந்த வேகத்தைக் கரையிலிருந்து கண்ணால் பின்தொடர முடியாது. நண்டின் கொடுக்கும் சிப்பியின் விளிம்பும் கீறிய தழும்புகள் கை முழுக்க. நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறும் இந்த உழைப்புக்குக் கிடைக்கும் கூலி போதவே போதாது.

கரையேறிய அக்கா ஒருவர், நான் வந்தது நம் சங்கராபுரத்திலிருந்து என்றதும் கேட்ட முதல் கேள்வி: “மலையில மழ உண்டா?”

ஏன் என்று கேட்டால், “கலங்கத் தண்ணி எறங்குனாத்தான் எங்களுக்கு எறாலு” என்றார்.

அவர் சொன்னது சரியான கணக்கு. வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, வண்டல் கொண்டுவரும் இரையில் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்புகின்றன. ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் எல்லையாக ஓடும் டோர்னியோ ஆற்றில் இதற்கு நேர்மாறு: சால்மன் மீன் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறுகிறது. அந்தப் பேராற்றின் குறுக்கே அணை கட்டாமல் விட்டிருக்கிறார்கள். நமக்கு அணை இல்லாமல் நெல்லும் கரும்பும் இல்லை, அது புரிகிறது. ஆனால் ஒவ்வொரு மழைக்காலமும் “உபரிநீர் வீணாகக் கடலில் கலந்தது” என்று செய்தியில் எழுதுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. யாருக்கு வீண்? இந்த அக்காவுக்கா? கொடுவா, மடவை மீன்களுக்கா? தெற்கே பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் சுரபுன்னையும் வெண்கண்டலும் உப்பிலேயே நிற்கும் மரங்கள்தான். அவற்றுக்கும் இடையிடையே நல்ல தண்ணீரும் வண்டலும் வேண்டும். 2022இல் அந்தக் காடு உலக ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது. பனிக்காலத்தில் வடதுருவப் பக்கத்திலிருந்து உள்ளான்கள் பறந்து வந்து மேய்வதும் இந்தச் சேற்றில்தான்.

மதியம் மடவைக் குழம்பு. நம் ஏரிக் கெண்டையை விட்டுக்கொடுக்க மனமில்லைதான், ஆனாலும் இந்த ருசி வேறு.

ஐப்பசி மழை விட்டதும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிளம்புங்கள். கள்ளக்குறிச்சி, விருத்தாசலம், புவனகிரி வழியே வந்தால் ஆறு பெரும்பாலும் பக்கத்திலேயே வரும். நீர் வடியும் நேரத்தை இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மழை எவ்வளவு பெய்தது என்று மட்டும் தெரிந்துகொண்டு வாருங்கள், அந்த அக்கா கேட்பார்.

அன்புடன்,
உங்கள் நண்பர்