சட்டிக்குச் சுட்டது

'பாட்ஷாட்' என்றால் இன்று போகிற போக்கில் ஒருவர்மேல் எறியும் விமர்சனம். அதிலுள்ள 'பாட்' அடுப்பில் ஏறும் சட்டிதான். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் துரைமார் வேட்டைக்கு ஒரு முறை உண்டு: பறவை பறக்கும்போது சுடணும். உட்கார்ந்திருப்பதைக் கறிக்காகச் சுட்டால் இளக்காரம். விமர்சனத்துக்கு அந்தப் பெயர் பின்னால் வந்தது.

ராதாபுரத்தில் எங்க தாத்தா அந்தக் காலத்தில் கவுதாரிக்குக் கண்ணி வைத்தவர். சொன்னதும் கேட்டார்: "ஏல, பசிக்கு அடிச்சவன் கேவலம், பவுசுக்கு அடிச்சவன் பெரியாளாக்கும்?"

நியாயம்தானே. பசிக்குச் சுடுகிறவன் குறி பார்க்காமல் இருப்பானா? தோட்டாவுக்குக் காசு ஆகுமே. என் முதல் தொகுப்பை ஒருவர் முன்னுரையோடு மூடிவைத்துவிட்டுக் கிழித்து எழுதினார். அவருக்குச் சட்டியும் இல்லை, பசியும் இல்லை.

நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளத்தில் தீபாவளிக்கும் வெடி போட மாட்டார்கள். ஊருக்குள்ளேயே மரங்களில் நாரைகள் கூடு கட்டியிருக்கும். வெடி யாரையும் குறிவைப்பதில்லைதான். சத்தம் போதும், பறவை கூட்டைவிட்டு எழுந்துவிடும்.

அந்த விமர்சனத்துக்கப்புறம் எட்டு மாசம் நான் ஒரு வரி எழுதவில்லை.