குழந்தைகளோடு குமரி முனைக்கு

தென்காசிச் சீமையில் வசிப்பவர்களுக்குக் கோடை விடுமுறை ஒரு விசித்திரமான சங்கடத்தை உண்டாக்குகிறது. ஊர் ஊராக மக்கள் தேடி வரும் குற்றாலம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆயினும், பள்ளிக்கூடம் மூடியிருக்கும் நாட்களில் அங்கே அருவி நூலாய் மெலிந்து, பாறை காய்ந்து கிடக்கும். ஜூன் மாதம் சாரல் தொடங்கும். அதே ஜூனில் பள்ளிக்கூடமும் திறந்துவிடும். அருவிக்கும் உபாத்தியாயர்களுக்கும் ஏதோ இரகசிய உடன்படிக்கை இருப்பதாகக் குழந்தைகள் சந்தேகித்தால், அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

கோடையில் குழந்தைகளை எங்கே அழைத்துச் செல்வது? வாசுதேவநல்லூரில் வளரும் குழந்தை கண் விழித்ததும் மேற்கே மலையைக் காண்கிறது. கடலையோ படத்தில்தான் காண்கிறது. கிழக்கே சுமார் 120 கிலோமீட்டர் சென்றால் தூத்துக்குடி. அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே திரும்பினால் திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, கன்னியாகுமரி. திருநெல்வேலி வழியாக வீடு திரும்பினால் மொத்தம் 400 கிலோமீட்டருக்குச் சற்று மேலாகும். பெரியவர்கள் இரண்டு நாளில் முடித்துவிடுவார்கள். சிறு குழந்தைகள் உடன் வருவதென்றால் நான்கு நாளும் மூன்று இரவும் வேண்டும். இந்தக் கணக்கை ஒப்புக்கொண்ட பிறகுதான் யாத்திரைக்கு நாள் பார்க்க வேண்டும்.

நாள் பார்ப்பதிலும் ஒரு விவேகம் உண்டு. மே மாதம் முதல் வாரத்தில் அக்கினி நட்சத்திரம் பிறந்துவிடும். பரீட்சை முடிந்த கையோடு, ஏப்ரல் கடைசியிலேயே புறப்படுவது உத்தமம். சித்ரா பௌர்ணமியை ஒட்டி அமைந்தால் இன்னும் விசேஷம். அன்று மாலை குமரியில் ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறுபக்கம் சந்திரன் எழும் காட்சிக்கு ஈடில்லை. ஆனால் கூட்டமும் அதற்குத் தக்கபடி இருக்கும். கைக்குழந்தை இருந்தால் அந்த ஆசையை விட்டுவிடுவதே நலம்.

பயணத்துக்கு மூன்று விதிகள் போதும். விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும். பத்தரை மணிக்குள் நிழலில் அடங்கி, மாலை நான்கு மணிக்கு மேல்தான் மறுபடி வெளியே வர வேண்டும். முன் ஆசனத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது. 'ஐந்து நிமிஷம்தானே' என்று மூடிய வண்டிக்குள் குழந்தையை விட்டுச் செல்லவும் கூடாது. ஒரு வேளைக்கு ஒரு காட்சிக்கு மேல் காட்டக் கூடாது.

இந்த மூன்றாவது விதிதான் பெற்றோருக்குக் கடினமானது. நம் வழியோ சரித்திரம் மண்டிய வழி. வாசுதேவநல்லூரே பூலித்தேவரின் கோட்டை நின்ற ஊர். கொஞ்ச தூரத்தில் நெற்கட்டும்செவல். 1755-ஆம் ஆண்டிலேயே அந்நியருக்குக் கப்பம் கட்ட மறுத்த மண். அப்பால் சங்கரன்கோவில், கழுகுமலை, எட்டயபுரம், ஒட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சி. எல்லாவற்றையும் ஒரே காலையில் காட்டிவிடலாமென்று தகப்பனார் ஆசைப்படுவார். நான்காவது ஊரில் குழந்தை அழத் தொடங்கும். ஐந்தாவது ஊரில் தாயாரும் வாய் திறந்து சொல்லிவிடுவார். ஆகையால் முதல் நாள் காலைக்கு எட்டயபுரம் ஒன்றே போதும். 1882-இல் பாரதியார் பிறந்த வீட்டையும், கல்கியின் முயற்சியால், தமிழ் மக்கள் தந்த நன்கொடையில் 1947-இல் எழுந்த மணிமண்டபத்தையும் பார்த்துவிட்டுத் தூத்துக்குடிக்குப் போய்விடலாம். மற்ற ஊர்கள் எங்கும் ஓடிவிடாது. குழந்தைகள் வளர்ந்த பிறகு அவற்றுக்கென்றே தனியே வரலாம்.

தூத்துக்குடியில் மாலை வேளையில் துறைமுகத்துப் பக்கம் குழந்தைகளை நிறுத்தி, 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய கதையைச் சொல்லலாம். 'காலியா', 'லாவோ' என்ற கப்பல்களின் பெயர்கள் குழந்தைகளின் நாவில் உடனே ஒட்டிக்கொள்ளும். மறுநாள் காலை திருச்செந்தூர் செல்லும் சாலையில் உப்பளங்கள் வரும். கோடைதான் உப்பு விளையும் காலம். பாத்தியில் கடல்நீர் நிற்பதையும், வெயில் அதைக் குடித்துவிட்டு உப்பை மட்டும் விட்டுச் செல்வதையும் கண்ட குழந்தைக்கு, 1930-இல் காந்தியடிகள் ஒரு பிடி உப்பை அள்ளியதற்கு அரசாங்கம் ஏன் அத்தனை கோபம் கொண்டது என்பதை நாலு வார்த்தையில் விளக்கிவிடலாம்.

திருச்செந்தூரில் முருகன் சந்நிதிக்கு அடுத்தபடி குழந்தைகளைக் கவர்வது நாழிக்கிணறு. கடலோரத்தில் இருந்தும் அதன் நீர் உப்பாயில்லாத அதிசயத்தை அவர்கள் மறக்க மாட்டார்கள். வெயில் தாழ்ந்ததும் தெற்கே சென்றால் குலசேகரன்பட்டினம். 1942-ஆம் ஆண்டுப் போராட்டத்தின்போது இவ்வூர் உப்பளத்தில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில், இரண்டு இளைஞர்களுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் அது நீக்கப்பட்டது. அதே ஊரில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்கடுத்த மணப்பாட்டில், 1542-இல் சவேரியார் வந்து தங்கிய கரையில், மணற்குன்றின்மேல் திருச்சிலுவைக் கோயில் நிற்கிறது.

ஆகாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, புளியோதரை, காய்ச்சி ஆறிய நீர். தயிர்சாதத்தைப் பகலுக்குள் தீர்த்துவிட வேண்டும். வழியெல்லாம் பனங்காடு, நுங்கு தாராளமாய்க் கிடைக்கும். வெயிலில் குழந்தை சோர்ந்தால் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீர் கையில் இருக்கட்டும்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான விஷயம் கடல். அருவியில் பழகிய நம்மவர்களுக்கு நீரிடம் ஒரு செல்லம் உண்டு. அருவி கோபித்தால் நிறம் மாறும், இரைச்சல் கூடும். கோடைக்காலத்துக் கடல் அப்படியல்ல. தெற்கே வெகு தூரத்தில், இந்து மகா சமுத்திரத்தில் எங்கேயோ அடித்த புயல், பல நாள் கழித்து நம் கரையில் பேரலையாக வந்து மோதும். இங்கே காற்றிராது, வானம் தெளிவாயிருக்கும். முன்னறிவிப்பின்றித் திருடனைப்போல் வருவதால் மீனவர்கள் இதைக் 'கள்ளக்கடல்' என்கிறார்கள். அவர்கள் இட்ட பெயரை 2012-இல் யுனெஸ்கோ ஸ்தாபனமே விஞ்ஞான வழக்குக்கு ஏற்றுக்கொண்டது. ஏப்ரலும் மே மாதமும்தான், அதாவது நம் விடுமுறைதான், அதற்கு முக்கியமான பருவம். 2024 மே 6-ஆம் தேதி கன்னியாகுமரி ஜில்லாவில் லெமூர் கடற்கரையில் மருத்துவம் பயின்ற ஐந்து பேரை அலை கொண்டு போயிற்று. வாலிபத்தின் பலமும் படிப்பும் அங்கே துணை செய்யவில்லையென்றால், ஐந்து வயதுக் குழந்தை என்ன செய்யும்?

ஹைதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் சேவை மையம் இவ்வலைகளைப் பற்றி முன்னதாகவே எச்சரிக்கை வெளியிடுகிறது. புறப்படும் முன்பும் ஒவ்வொரு காலையிலும் அதை விசாரிக்க வேண்டும். எச்சரிக்கை இருந்தால், கரையைவிட்டுத் தள்ளி நின்றே பார்க்க வேண்டும். இல்லாவிட்டாலும், உள்ளூர் மீனவரைக் கேட்காமல் நீரில் கால் வைக்கலாகாது. ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் என்று கையைப் பிடித்திருக்க வேண்டும். அந்தப் பெரியவரின் மறு கையில் படமெடுக்கும் கருவி இருக்கக் கூடாது. குமரி முனையின் பாறைகள் வழுக்குபவை. அங்கே ஏறி நிற்பதும் வேண்டாம்.

இவ்வளவு ஜாக்கிரதையோடு போய்ச் சேர்ந்தால், மூன்றாம் நாள் காலையில் குமரி நமக்குக் குறை வைக்காது. 1970-இல் அமைந்த விவேகானந்தர் மண்டபமும், 2000-இல் திறந்த 133 அடி வள்ளுவர் சிலையும், அவ்விரண்டையும் 2024 டிசம்பர் முதல் இணைக்கும் கண்ணாடிப் பாலமும் காத்திருக்கின்றன. படகுக்குக் கூட்டம் மிகுந்தால் அவற்றைக் கரையிலிருந்தே காட்டிவிட்டு, 1948-இல் கரைக்கப்படுமுன் மகாத்மாவின் அஸ்தி வைக்கப்பட்ட இடத்தில் எழுந்த காந்தி மண்டபத்தில் சற்று உட்கார்ந்திருக்கலாம்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், 'விடுமுறையை எவ்வாறு கழித்தாய்?' என்று வியாசம் எழுதச் சொல்வது உபாத்தியாயர்களின் பழைய வழக்கம். மண்டபங்களையும் வருஷங்களையும் விட்டுவிட்டு, நுங்கையும் நாழிக்கிணற்றையும் காலை நனைத்த ஒரு சிறு அலையையும் பற்றியே குழந்தை எழுதியிருக்கும். அதற்கு நாம் முழு மார்க்கும் கொடுக்கலாம்.