பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவே

மகள் தொடக்கநிலை 2-இல் படித்துக்கொண்டிருந்த சமயம். ஒருநாள் காலை என் மாமியார் அவளைப் பார்த்து, "பசியாறிட்டியாம்மா?" என்று கேட்டார். அவள் என் பக்கம் திரும்பி, பாட்டி என்ன சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் ஆங்கிலத்தில் விளக்கினேன். அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். அதைத் தமிழாக்கி மாமியாரிடம் சொன்னேன். எதிரெதிரே உட்கார்ந்திருந்த இருவர் பேசிக்கொள்ள நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர்!

அன்று மூவரும் சிரித்தோம். நாள் போகப் போக மாமியார் அவளிடம் கேட்பதையே விட்டுவிட்டார். "பாப்பா பசியாறிட்டாளா?" என்று என்னிடம் கேட்கத் தொடங்கினார். ஒரே வீட்டில், ஒரே அறையில் தூங்குகிற இருவர். நான் அதைக் கவனிக்கவே சில மாதங்கள் ஆயின.

குற்றம் மகளுடையதன்று. நானும் கணவரும் வேலை முடிந்து களைத்து வரும்போது வாயில் வருவது ஆங்கிலம்தான். நாங்கள் மட்டுமல்ல, 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் 5 வயதும் அதற்கு மேலுமான குடியிருப்பாளர்களில் வீட்டில் அதிகமாக ஆங்கிலம் பேசுவோர் 48.3 விழுக்காடு. தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. பள்ளியில் சொல்வதெழுதுதலில் மகள் 10-க்கு 9 வாங்கினாள். அந்த மதிப்பெண்ணைப் பார்த்து, தமிழ் அவளுக்கு வந்துவிட்டது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

சரி, வீட்டிலேயே கற்றுக்கொடுப்போம் என்று இறங்கினேன். வீடெங்கும் தமிழ்ச் சொற்களை எழுதி ஒட்டினேன். குளிர்சாதனப்பெட்டி என்று ஒட்டிய தாள் ஈரத்தில் சுருண்டு விழுந்ததே தவிர, அந்தச் சொல்லை யாரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தமிழ் மட்டும்தான் என்று சட்டம் போட்டேன். காலை 10 மணிக்குள் வீடு மௌன விரதத்துக்குப் போய்விட்டது.

ஒருநாள் அவளாகவே, "பாட்டி, நீ எங்க போறே?" என்று கேட்டாள். நான் பாய்ந்து, "நீ இல்ல, நீங்க! எங்க போறீங்கன்னு கேளு" என்று திருத்தினேன். அவள் முகம் சுருங்கிப்போனது. ஒன்றும் சொல்லாமல் அறைக்குப் போய்விட்டாள். "விடும்மா, அது கேட்டதே பெருசு" என்றார் மாமியார்.

இன்னொரு நாள் மகள் என் காதில், "பாட்டி தமிழைத் தப்பாப் பேசுறாங்க" என்றாள். பாடநூலில் 'சென்றேன்' என்று இருக்கிறது. பாட்டி 'போனேன்' என்கிறாரே! எழுத ஒரு தமிழ், பேச ஒரு தமிழ், இரண்டும் சரிதான் என்று நாங்கள் யாருமே அவளுக்குச் சொன்னதில்லை. 2005-ஆம் ஆண்டின் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு பள்ளிகளிலேயே பேச்சுத்தமிழுக்கு இடம் கிடைத்திருக்கிறது. எங்கள் வீட்டில்தான் கிடைக்கவில்லை.

வழி தற்செயலாகத்தான் திறந்தது. ஆண்டு இறுதிக் கணக்கு முடிக்கும் வேலையில் இரண்டு வாரம் நான் இரவு 8 மணிக்குமேல்தான் வீடு திரும்பினேன். கணவருக்கும் மாலை நேர வேலை. ஒருநாள் கதவைத் திறந்தால் சமையலறையில் பேச்சுச் சத்தம். தரையில் செய்தித்தாளை விரித்துப் பாட்டியும் பேத்தியும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

"நான் தண்டு கிள்ளினான், பாட்டி."

"ஆமா, நீ கிள்ளினே. அந்தப் பழுத்த இலையையும் கிள்ளிப் போடு."

தவறு என்று மாமியார் சொல்லவில்லை. சரியான சொல்லைத் தன் பதிலுக்குள் வைத்துக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். அடுத்த தண்டுக்கு மகள், "கிள்ளினேன்" என்றாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது. மொழிபெயர்க்க நான் இருந்தவரை அவர்கள் பேசிக்கொள்ளத் தேவையே இருக்கவில்லை.

அதன்பின் நான் செய்தது, விலகி நின்றது மட்டுமே. மகள் என்னிடம் கேட்டால், "எனக்குத் தெரியாது, பாட்டிகிட்டக் கேளு" என்பேன். சனிக்கிழமை தேக்கா சந்தைக்கு மூவரும் போவோம். நான் காப்பியோடு உட்கார்ந்துவிடுவேன். மகள் கையில் 5 வெள்ளி. முருங்கைக்காய் முற்றலா பிஞ்சா என்று பார்ப்பதும், மீதிக் காசை எண்ணி வாங்குவதும் அவள் பொறுப்பு.

சமையலறை இவ்வளவு பெரிய பள்ளிக்கூடம் என்று எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. வெங்காயத்தை உரிக்க வேண்டும், தேங்காயைத் துருவ வேண்டும், பூண்டைத் தட்ட வேண்டும், மிளகாயைக் கிள்ள வேண்டும், கத்தரிக்காயை நறுக்க வேண்டும். பிறகு தாளிப்பது, வதக்குவது, வறுப்பது, பொரிப்பது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சொல். கை செய்த வேலையின் பெயரைப் பிள்ளை மறப்பதில்லை.

விளையாட்டும் சேர்ந்துகொண்டது. பள்ளியில் இன நல்லிணக்க நாளன்று மலாய்க்காரர்களின் சொங்காக் விளையாடிவிட்டு வந்து, தனக்கும் ஒரு பலகை வேண்டும் என்றாள். வாங்கி வந்ததும் மாமியார் பார்த்துவிட்டு, "அட, இது நம்ம பல்லாங்குழி!" என்றார். இரு முனையிலும் உள்ள பெரிய குழிகளை விட்டுவிட்டால் அதிலும் 14 குழிகள்தான். பாட்டி தன் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். ஒரு குழியில் 4 சேர்ந்தால் அதற்குப் பசு என்று பெயர். "பசு! எனக்குப் பசு!" என்ற கூச்சல் அண்டைவீடு வரை கேட்கும்.

இதனால் மதிப்பெண் ஏறியதா என்று தோழிகள் கேட்பதுண்டு. பெரிதாக ஏறவில்லை. கட்டுரையில் 'போனேன்', 'வந்துச்சு' என்று எழுதிவிட்டு ஆசிரியரிடம் சிவப்பு வட்டம் வாங்கி வருகிறாள். அதை வீட்டில் பொறுமையாகப் பார்த்துத் திருத்துகிறோம். எழுத்துத்தமிழுக்கு உழைப்பு தனியாகத் தேவைப்படத்தான் செய்கிறது.

இப்போது அவள் தொடக்கநிலை 5. சென்ற பள்ளி விடுமுறையில் மாமியாரைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போனோம். வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனை. பிறகு மருத்துவரைப் பார்க்க வேண்டும். காலில் எப்படி வலிக்கிறது என்று மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்டார். மாமியார், "ராத்திரியானா கடுக்குது, காலையில மரத்துப்போகுது" என்றார். நான் ஆங்கிலச் சொல்லைத் தேடுவதற்குள் மகள் பேசத் தொடங்கிவிட்டாள். குத்துகிற வலி இல்லை, எரிச்சலும் இல்லை, எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது, எந்த விரல்வரை மரத்துப்போகிறது என்று வரிசையாகச் சொன்னாள். இரவில் பாட்டியின் காலுக்குத் தைலம் தேய்ப்பவள் அவள். அந்தச் சொற்களெல்லாம் அவள் கையில் இருந்தன. மருத்துவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சுவரோரம் நாற்காலியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்ததும் மகள் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"பாட்டி, பசியாறலாமா?"

மருந்து வாங்கும் வரிசையில் என்னை நிற்க வைத்துவிட்டு இருவரும் கிளம்பிவிட்டார்கள்.