மேலிடம் என்னும் அஃறிணை

தமிழ் நாளிதழ்களின் அரசியல் பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு தொடர் உண்டு: ‘மேலிடம் முடிவெடுத்துவிட்டது.’ மாவட்டத் தலைவர் யார், சட்டமன்ற வேட்பாளர் யார், குடியரசுத் தலைவர் வேட்பாளர் யார் என்பதற்கெல்லாம் அதுவே விடை. இலக்கண நோக்கில் இது இடவாகுபெயர். ‘ஊர் சிரித்தது’ என்றால் சிரித்தவர்கள் ஊரார். ‘தில்லி மறுத்தது’ என்றால் மறுத்தவர்கள் தில்லியில் இருக்கும் சிலர். ஆனால் ஆட்பெயர் இடப்பெயராக மாறும்போது வினைமுற்றும் அஃறிணைக்கு மாறிவிடுகிறது. முடிவெடுத்தவர் எவர், எத்தனை பேர் என்னும் கேள்விகளுக்கு அத்தொடரில் இடமில்லை.

‘ஹைகமாண்ட்’ என்பது படைத்துறையிலிருந்து அரசியலுக்கு வந்த சொல். 1937இல் மாகாணங்களில் காங்கிரஸ் அமைச்சரவைகள் அமைந்தபோது அவற்றைக் கட்டுப்படுத்திய சிறு குழுவை அது குறித்தது. படேல், ஆசாத், ராஜேந்திர பிரசாத் என அக்குழுவினரை விரல்விட்டு எண்ண முடிந்தது. இந்தி நாளிதழ்களில் அது ‘ஆலாகமான்’ ஆயிற்று. உயர்வைக் குறிக்கும் அரபுச் சொல்லும் ஆங்கிலக் ‘கமாண்ட்’டும் இணைந்த கலப்புச் சொல். தமிழ் அதை ‘மேலிடம்’ என்று இடமாக்கிக்கொண்டது.

குடியரசுத் தலைவர் தேர்தலில் இச்சொல்லின் முரண் கூர்மையடைகிறது. அரசியலமைப்பின் 54ஆம் பிரிவின்படி நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் மட்டுமே அத்தேர்தலில் வாக்களிக்கலாம். மாநிலங்களவையின் நியமன உறுப்பினர்கள் பன்னிருவருக்கும் வாக்கில்லை. வாக்கு இரகசியமானது, கொறடா உத்தரவும் செல்லாது. தேர்ந்தெடுக்கப்படாதவரின் கை படக்கூடாது என்று இத்தனை கவனத்தோடு கட்டப்பட்ட வாக்காளர் குழுவின் முன் வைக்கப்படும் பெயரை மட்டும், அப்பணிக்கென எவராலும் தேர்ந்தெடுக்கப்படாத சிலர் முடிவு செய்கின்றனர்.

அந்தச் சிலர் இன்னார் என்று வரலாறு தெளிவாகக் காட்டும் தருணம் ஒன்று உண்டு. 1969 மே 3 அன்று குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் காலமானார். ஜூலையில் பெங்களூரில் கூடிய காங்கிரஸ் நாடாளுமன்றக் குழுவில் எட்டுப் பேர் இருந்தனர். பலர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள்தாம். ஆனால் நாட்டின் குடியரசுத் தலைவர் வேட்பாளரை முடிவு செய்யும் பொறுப்பை வாக்காளர் எவரும் அவர்களிடம் ஒப்படைக்கவில்லை. நீலம் சஞ்சீவ ரெட்டியின் பெயரும் ஜகஜீவன் ராமின் பெயரும் முன்வைக்கப்பட்டன. காமராஜர், மொரார்ஜி தேசாய், எஸ். கே. பாட்டீல், ஒய். பி. சவான் ஆகிய நால்வர் ரெட்டியை ஆதரித்தனர். பிரதமர் இந்திரா காந்தியும் பக்ருதீன் அலி அகமதுவும் ஜகஜீவன் ராமை ஆதரித்தனர். தலைவர் நிஜலிங்கப்பாவும் ஜகஜீவன் ராமும் வாக்களிக்கவில்லை. நான்குக்கு இரண்டு. ‘பார்க்கலாம்’ என்று எழுவாயில்லாத ஒற்றைச் சொல்லில் விடைதருவதற்குப் பெயர்பெற்ற காமராஜர்கூட, அன்று எந்தப் பக்கம் நின்றார் என்பது நாடறிந்த செய்தி.

ரெட்டியின் வேட்புமனுவில் இந்திரா காந்தி கையெழுத்திட்டார். பின்னர் மனச்சாட்சிப்படி வாக்களிக்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டார். குடியரசுத் துணைத் தலைவர் பதவியைத் துறந்து சுயேச்சையாக நின்றார் வி. வி. கிரி. ஆகஸ்டு 16 அன்று வாக்குப்பதிவு; 20 அன்று முடிவு. முதல் விருப்ப வாக்குகளில் எவருக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. இரண்டாம் விருப்ப வாக்குகளை எண்ணி முடிவு கண்ட ஒரே குடியரசுத் தலைவர் தேர்தல் அதுதான். கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. நால்வரின் தேர்வைத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் தோற்கடித்தனர்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது மக்களாட்சியின் வெற்றி. ‘சிண்டிகேட்’ என்று பழிக்கப்பட்ட மூத்தவர் குழு வீழ்ந்தது. வாக்குரிமை உடையவர்கள் வென்றனர். நவம்பரில் கட்சி பிளந்தது. தில்லி ஜந்தர் மந்தர் சாலை 7ஆம் எண் தலைமையகம் பழைய காங்கிரஸிடம் தங்கியது. நாட்டு மக்களோ 1971 தேர்தலில் இந்திராவின் பக்கம் நின்றனர். ஆனால் அதன்பின் நடந்தது வேறு. 1972க்குப் பின் 1992 வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், காங்கிரஸில் அமைப்புத் தேர்தலே நடைபெறவில்லை. மாநிலத் தலைவர்களும் முதலமைச்சர்களும் தில்லியிலிருந்து நியமிக்கப்பட்டனர். எண்மரின் அதிகாரம் உறுப்பினர்களுக்குப் போய்ச் சேரவில்லை. மேலும் சுருங்கி ஒருவரிடம் குவிந்தது. குழு கலைந்தாலும் ‘மேலிடம்’ என்ற சொல் நிலைத்தது. வேறு பல கட்சிகளும் நாளடைவில் அச்சொல்லையும் அதன் இலக்கணத்தையும் தமதாக்கிக்கொண்டன.

இதே சிக்கலை அமெரிக்காவின் ஜனநாயகக் கட்சி வேறு வகையில் எதிர்கொண்டது. அதிபர் வேட்பாளரை முடிவு செய்யும் மாநாட்டில் ‘சூப்பர் டெலிகேட்’ எனப்படும் பேராளர்களுக்கு 1984 முதல் தனி வாக்கு இருந்தது. ஆளுநர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், கட்சியின் தேசியக் குழுவினர் முதலானோர் அவர்கள்; மாநிலங்களின் முன்தேர்தல் முடிவுகள் அவர்களைக் கட்டுப்படுத்தா. 2016இல் ஏறத்தாழ எழுநூறு பேர். அவர்களுள் பெரும்பாலோர் ஹிலாரி கிளிண்டன் பக்கம் நின்றதைப் பெர்னி சாண்டர்ஸின் ஆதரவாளர்கள் கடுமையாக எதிர்த்தனர். எவர் எவரை ஆதரிக்கிறார் என்று செய்தி நிறுவனங்கள் கணக்கு வைத்திருந்ததால் அந்த எதிர்ப்புக்கு முகவரி இருந்தது. 2018இல் விதி மாறியது: போட்டி முடிவாகாத நிலையில் முதல் சுற்றில் அவர்களுக்கு வாக்கில்லை. பெயர் தெரிந்ததால் கேள்வி எழுந்தது. கேள்வி எழுந்ததால் விதி திருந்தியது.

2022 ஜூன் 21 அன்று தில்லியில் ஒரே நாளில் இரண்டு பெயர்கள் அறிவிக்கப்பட்டன. எதிர்க்கட்சித் தலைவர்கள் கூடி யஷ்வந்த் சின்காவை அறிவித்தனர். பாரதிய ஜனதாவின் நாடாளுமன்றக் குழு கூடியபின் திரௌபதி முர்முவின் பெயர் வெளிவந்தது. எவர் எப்பெயரை முன்மொழிந்தார், எவர் மறுத்தார் என்பது இரு அறிவிப்புகளிலும் இல்லை. வாக்குரிமை பெற்றிருந்த 4,809 பேரும் அந்த இரண்டு பெயர்களுள் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க இயன்றது. பழங்குடியினத்தைச் சேர்ந்த பெண் ஒருவர் முதன்முறையாக அப்பதவிக்கு வந்தது வரலாற்றுச் சிறப்புடையது. நல்ல முடிவாயினும் அதை எடுத்தவர் எவர் என்பது அறியத்தக்கதே.

எந்தக் கட்சியிலும் வேட்பாளரைச் சிலர்தாம் முதலில் தெரிவு செய்ய நேரும். அதை முற்றிலும் தவிர்ப்பது அரிது. அந்தச் சிலர் உயர்திணையில் பேசப்படுகிறார்களா என்பதே கேள்வி. முப்பதாண்டு சுவரொட்டி ஒட்டிய தொண்டருக்குத் தொகுதி மறுக்கப்படும்போது, ஒலிவாங்கிகளின் முன் நின்று ‘மேலிடத்தின் முடிவுக்குக் கட்டுப்படுகிறேன்’ என்கிறார். அவரை மறுத்தவர் யாரென்று அவருக்கே தெரியாது. ஓர் இடத்திடம் காரணம் கேட்க இயலாது. 1969இல் தோற்ற சஞ்சீவ ரெட்டிக்கு அந்தக் குறை இருந்ததில்லை. தம்மை முன்மொழிந்தவர், ஆதரித்தவர், மனுவில் கையெழுத்திட்டுவிட்டுக் கைவிட்டவர் என அனைவரையும் அவர் பெயர் சொல்லி அறிந்திருந்தார். எட்டாண்டுகளுக்குப் பின், 1977இல், அதே பதவிக்குப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார்.