காரா, கப்பலா? இஸ்தான்புல் செல்வோர் கவனத்திற்கு

உம்ராவை நிறைவேற்றிவிட்டுத் துருக்கி வழியாக ஊர் திரும்பும் குடும்பங்கள் இப்போது பெருகியுள்ளன. வளைகுடாவில் பணியாற்றும் இளைஞர்கள் பெற்றோரையும் மனைவி மக்களையும் இஸ்தான்புல்லுக்கு வரவழைத்து, விடுமுறையை அங்கேயே சேர்ந்து கழிப்பதும் வழக்கமாகி வருகிறது. புறப்படுமுன் அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ஹஜ்ரத், விமான நிலையத்திலேயே ஒரு காரை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாமா?" துபாயிலும் ரியாத்திலும் வலப்புறமாக ஓட்டிப் பழகிய கை, உம்மாவுக்கோ முழங்கால் வலி, கூடவே குழந்தைகள். கேள்வி நியாயமானதே. எனினும், நகருக்குள் கார் வேண்டாம் என்பதே என் விடை.

வளைகுடா நகரங்களில் காரை எண்ணியே சாலைகளை அமைத்தார்கள். இஸ்தான்புல்லின் கதை வேறு. சுல்தான் முஹம்மது ஃபாத்திஹ் 1453ஆம் ஆண்டு வென்றெடுத்தபோதே அது ஆயிரமாண்டு கடந்த தலைநகரம். குன்றுகள் மீது ஏறி இறங்கும் அதன் தெருக்கள் காலடிக்கும் குதிரைக் குளம்புக்கும் ஏற்பட்டவை. சுலைமானிய்யாப் பள்ளியின் பின்புறச் சரிவுகளில் எதிரெதிரே இரு வண்டிகள் வந்துவிட்டால், ஒன்று பின்வாங்கியே தீர வேண்டும். சுல்தான் அஹ்மது பள்ளிவாசலைச் சுற்றிலும் பல வீதிகள் நடப்பவர்க்கென்றே விடப்பட்டவை. டிராம் வண்டி செல்லலாம், உங்கள் கார் செல்ல இயலாது. வண்டியை நிறுத்த இடம் தேடுவது தனிச் சோதனை.

இவற்றுக்கெல்லாம் மேலாக, நகரை இரண்டாகப் பிளந்து ஓடுகிறது போஸ்பரஸ் நீரிணை. ஒரு கரை ஐரோப்பா, மறு கரை ஆசியா. ஒன்றரைக் கோடிக்கு மேல் மக்கள் வாழும் ஊரில், கார்கள் அக்கரை செல்ல 1973, 1988, 2016 ஆகிய ஆண்டுகளில் திறக்கப்பட்ட மூன்று பாலங்களும், 2016இன் இறுதியில் திறக்கப்பட்ட ஒரு சுரங்கச் சாலையும் உள்ளன. மூன்றாவது பாலமோ வடக்கே கருங்கடலின் வாயிலருகே இருக்கிறது. ஆகவே மாலை வேளையில் ஏனைய வழிகளில் வண்டிகள் ஊர்வதைக் கண்டால், நம்மூர்ச் சந்தனக்கூடு ஊர்வலம் விரைவானது என்று தோன்றும்.

இதில் சுகக்கேடு மட்டுமன்று, தொழுகையும் அடங்கியிருக்கிறது. நம்மில் ஷாஃபிஈ மத்ஹபினர், பயணி என்னும் நிலை நீங்காத வரை லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழ வழியுண்டு. ஹனஃபி மத்ஹபினருக்கு ஹஜ்ஜின்போதன்றி அச்சலுகை இல்லை. டிசம்பர் மாதத்தில் அங்கே அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம் இரண்டரை மணிக்கும் குறைவு. பாலத்தின் நடுவே வண்டிகளுக்கிடையில் சிக்கியவர் எங்கே இறங்குவார், எங்கே ஒளூச் செய்வார்? டிராமிலோ கப்பலிலோ செல்பவர் இறங்கும் இடத்திலெல்லாம் பள்ளிவாசல் காத்திருக்கிறது. எமினோனுவில் இறங்கினால் யெனி ஜாமி. உஸ்குதாரில் கரையேறினால், சினான் 1548இல் கட்டி முடித்த மிஹ்ரிமா சுல்தான் பள்ளி.

அந்த உஸ்குதார்க் கப்பலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். எமினோனுத் துறையிலிருந்து சுமார் கால் மணி நேரப் பயணம். மேல்தளத்து மரப்பலகையில் அமர்ந்தால், சிறு கண்ணாடிக் குவளையில் தேநீர் வரும். சிறுவர்கள் வீசும் ரொட்டித் துண்டுக்காகக் கடற்காக்கைகள் உடன் பறந்து வரும். பின்னே தோப்காபி அரண்மனையும் பள்ளிகளின் மினாராக்களும் மெல்ல விலகிச் செல்லும். சுற்றுலாக் கப்பல்கள் பெருந்தொகை வாங்கிக்கொண்டு காட்டும் காட்சியை, அலுவலகம் செல்வோரும் காய்கறிப் பை சுமந்த பெண்களும் ஏறும் இக்கப்பல் சொற்பக் கட்டணத்தில் காட்டிவிடுகிறது. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்கு இதில் எதுவும் வாய்க்காது. அவர் காண்பது முன்னே செல்லும் வண்டியின் பின்விளக்கு ஒன்றே.

அவசரமானால் கடலுக்கடியில் செல்லும் மர்மராய் ரயில் இருக்கிறது. சிர்கெஜியிலிருந்து உஸ்குதாருக்குச் சில நிமிடங்களே. சுல்தான் அப்துல் மஜீத் காலத்திலேயே, 1860இல், இப்படியொரு வழி குறித்துத் திட்டம் வரையப்பட்டது. வேலை தொடங்கியதோ 2004இல். யெனிகாபியில் தோண்டியபோது பழைய துறைமுகமும் முப்பதுக்கு மேற்பட்ட மரக்கலங்களின் எச்சங்களும் வெளிப்பட, ஆய்வாளர்களுக்காகப் பணி ஆண்டுக்கணக்கில் தாமதித்து, 2013 அக்டோபர் 29 அன்று பாதை திறக்கப்பட்டது.

நம்மவர் எவரும் தவறவிடாத இடம் ஹஜ்ரத் அபூ அய்யூப் அல் அன்சாரி (ரலி) அவர்களின் அடக்கத்தலம். ஹிஜ்ரத் வந்த பெருமானாரைத் (ஸல்) தம் இல்லத்தில் தங்கவைத்து உபசரித்த அந்தத் தோழர், முதிய வயதில் குஸ்தன்தீனிய்யா முற்றுகைக்குப் புறப்பட்டு வந்து, அங்கேயே வஃபாத்தானார். ஜும்ஆ நாளில் அத்தெருக்களில் காருடன் நுழைவது, நமக்கு மட்டுமின்றித் தொழ வருவோர்க்கும் தொல்லை. பாதைக்கும் உரிமையுண்டு என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். எமினோனுவிலிருந்து ஹாலிச் கரையோரமாகவே டிராம் செல்கிறது. (ஹாலிச் என்பது வேறன்று, நம் மதரஸா மாணவர் அறிந்த 'கலீஜ்' என்னும் அரபுச் சொல்லே.) ஃபெஸ்ஹானே நிறுத்தத்தில் இறங்கினால் தலம் நடைதூரத்தில் உள்ளது.

முழங்கால் வலியுள்ள உம்மாவுக்கு என்ன வழி? மர்மராய் நிலையங்கள் வெகு ஆழத்தில் உள்ளவை. நகரும் படிகளும் மின்தூக்கியும் இருந்தாலும் உள்ளே நடக்கும் தூரம் அதிகம். காலையிலும் மாலையிலும் டிராமில் நெரிசல் கடுமை. முதியோருக்கு எழுந்து இடம் கொடுக்கும் பழக்கம் அங்கே இளைஞரிடையே பெரிதும் உண்டு என்றாலும், நெருக்கியடித்துத்தான் ஏற வேண்டும். ஆகவே காலை பத்து மணிக்குப் பின் புறப்படுங்கள். கடலைக் கப்பலில் கடங்கள். துறையிலிருந்து மேட்டில் ஏற மட்டும் மீட்டர் போட்ட டாக்சியை அமர்த்துங்கள். நாள் முழுதும் கார் வைத்து, எங்கோ தொலைவில் நிறுத்திவிட்டு உம்மாவை நடத்திச் செல்வதைவிட இது எளிது.

பயணத்திற்கு 'இஸ்தான்புல்கார்ட்' என்னும் ஒரே அட்டை போதும். டிராம், மெட்ரோ, பேருந்து, கப்பல் யாவற்றுக்கும் அதுவே. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால் கட்டணம் குறையும். மர்மராயிலும் மெட்ரோபஸ்ஸிலும் ஏறும்போது முழுத்தூரக் கட்டணத்தையும் பிடித்துக்கொள்வார்கள். இறங்குமிடத்தில் அதற்கென உள்ள கருவியில் அட்டையைக் காட்டினால் மீதி திரும்ப வரும். புதியவர்கள் பலர் இதை அறியாமல் பணத்தை விட்டுவிட்டு வருகிறார்கள்.

உஸ்மானியரின் பழைய தலைநகரான புர்சாவுக்கும், ஏரிக்கரை ஊரான இஸ்னிக்குக்கும் செல்ல எண்ணுவோர்க்குக் கார் உதவும் என்பதை மறுக்கவில்லை. அங்கே சாலைகள் அகலமானவை. வழியில் சிற்றூர்ப் பள்ளிகளில் நின்று தொழலாம். அதற்குச் சொந்த நாட்டு உரிமத்துடன் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். சுங்கப் பாதைகளில் பணம் பெற ஆள் இரார். கண்ணாடியில் ஒட்டிய எச்.ஜி.எஸ். பட்டை வழியே கணக்கு ஏறும், வாடகைக்காரர் அதைப் பின்னர் உங்களிடம் வசூலிப்பார். நகரைப் பார்த்து முடித்த பிறகே காரை எடுங்கள். எடுப்பதும் திருப்பித் தருவதும் விமான நிலையத்திலேயே இருக்கட்டும்.