விசுவாசம் என்றொரு பெண்

திருட்டில் உத்தமத் திருட்டு என்று ஒன்று உண்டா? தெற்குப் பிரான்ஸில், மலைச் சரிவைப் பற்றிக்கொண்டு நிற்கும் கோங்க் என்ற சிற்றூரின் மடாலயக் கோயில் சரித்திரத்தைப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னை விடுவதில்லை.

ஒன்பதாம் நூற்றாண்டில் அங்கே மடம் இருந்தது, துறவிகள் இருந்தார்கள், யாத்திரிகர்கள்தான் இல்லை. அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஒரு கோயிலை நாடி ஜனங்கள் வரவேண்டுமானால் அங்கே ஒரு புனிதரின் அஸ்தி இருக்க வேண்டும். எலும்பு இருந்தால் அற்புதம். அற்புதம் நடந்தால் காணிக்கை. காணிக்கை வந்தால் கோபுரம். கோங்க்கில் எலும்பு இல்லை. அஜான் நகரத்தில் இருந்தது. பழைய தெய்வங்களுக்குப் பலியிட மறுத்ததற்காக, கி.பி. 303-ல் ரோமானிய அதிகாரி கொன்றதாக மரபு சொல்லும் ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுமியின் எலும்பு. அவள் பெயர் ஃபுவா. பிரெஞ்சு மொழியில் விசுவாசம் என்று பொருள்.

மடத்து ஏடுகள் சொல்லும் கதை இது: அரிவிஸ்கஸ் என்ற துறவி கோங்க்கிலிருந்து அஜானுக்குப் போனார். அங்குள்ளவர்களோடு கலந்து சுமார் பத்து வருஷம் ஊழியம் செய்தார். கல்லறையைக் காக்கும் பொறுப்பே அவர் கைக்கு வந்தது. 866-ஐ ஒட்டி ஒரு திருநாள் இரவு, மற்றவர்கள் விருந்தில் இருக்கையில், கல்லறையை உடைத்து எலும்புகளை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்.

விசுவாசம் என்ற பெண்ணை விசுவாச துரோகம் செய்து தூக்கி வந்தார்கள்! நான் கதையில் இப்படிப் பெயர் வைத்தால், 'பொருத்தம் மிஞ்சிவிட்டது, ஐயா' என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

துறவிகள் வெட்கப்படவில்லை. புனிதவதிக்குச் சம்மதமில்லாவிட்டால் அவள் வந்திருப்பாளா என்பது அந்தக் காலத்து வாதம். அகப்படாத கள்வன் எவனுக்கும் பொருந்தக்கூடிய வாதம். என் மனம் அந்தப் பத்து வருஷத்தில்தான் நிற்கிறது. நாள் தவறாமல் ஒரு சமாதியைப் பேணியவன் அத்தனை நாளும் நடித்துக்கொண்டேவா இருந்திருப்பான்?

எலும்பு வந்தது, கூட்டமும் வந்தது. மண்டையோட்டு எலும்பை உள்ளே வைத்து, மரத்தின்மேல் பொன்தகடு போர்த்தி, ரத்தினங்கள் பதித்து, அவளைச் சிம்மாசனத்தில் அமர்த்தினார்கள். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆன்ஜேயிலிருந்து வந்த பெர்னார் என்ற பண்டிதர், இதென்ன விக்கிரகம் என்று முதலில் நகைத்தார். பின்னால் அவரே அவளுடைய அற்புதங்களை உட்கார்ந்து எழுதினார். விடுதலையான கைதிகள் தங்கள் விலங்குகளைக் கொண்டுவந்து காணிக்கை வைத்தார்கள். இன்றுள்ள பெரிய கோயில் அந்த நூற்றாண்டின் நடுவில் எழும்பத் தொடங்கியது. அதன் வாசலுக்கு மேலே, கடைசித் தீர்ப்புச் சிற்பத்தில், கடவுளின் கரத்துக்கு முன் அவள் விழுந்து பணிகிறாள்; பின்னால் விலங்குகள் தொங்குகின்றன.

பிறகு 1789-ல் புரட்சி வந்தது. கோயில் பொன்னெல்லாம் உருக்குக் கொப்பரைக்குப் போன காலம். கோங்க் ஜனங்கள் பொற்சிலையையும் மற்ற பொக்கிஷங்களையும் ஒளித்து வைத்தார்கள். ஆபத்து நீங்கியதும் திருப்பிக் கொடுத்தார்கள். ஏழைகளின் மலைக் கிராமம் அது. ஒரு கல்லைப் பெயர்த்து விற்றாலே ஒரு குடும்பத்தின் கஷ்டம் தீர்ந்திருக்கும். 1837-ல் நாவலாசிரியர் மெரிமே, புராதனச் சின்னங்களின் மேற்பார்வையாளராக அங்கே போய், சிதிலமாகிக் கிடந்த கோயிலைக் காப்பாற்ற வழி செய்தார். 1875-ல் பழுது பார்க்கும்போது, சுவருக்குள் வைத்து அடைத்த பேழையில் எலும்புகளும் கிடைத்தன.

ஒரு துறவி உடைத்த நம்பிக்கையைத் தொள்ளாயிரம் வருஷம் கழித்து அந்த ஊரின் குடியானவர்கள் காப்பாற்றினார்கள். பழைய கடன் தீர்ந்தது என்று எழுதத்தான் கை துடிக்கிறது. ஆனால் கடன் கொடுத்தவர்கள் அஜானில் அல்லவா இருந்தார்கள்?